லோரி முதலில் எந்தப் பக்கம் போக வேண்டும்?

"சார், கணக்கு நல்லா வருது. ஆனா பேங்க் வேலை பிடிக்கல. வேற என்ன படிக்கலாம்?" படிவம் 4 மாணவர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன்.

கடைக்குச் சரக்கு வந்து சேரும் வழியை விநியோகச் சங்கிலி என்கிறோம். அதை எண்களால் அலசுவது ஓர் ஆய்வுத் துறை. அதே கணக்கைப் பேரிடர் நேரத்தில் போட்டால் விடை மாறும். எப்படி?

ஒரு கிடங்கு, ஒரே லோரி. கிழக்கே 2 மணி நேரத் தொலைவில் ஒரு கம்பம். மேற்கே 3 மணி நேரத் தொலைவில் அடுத்தடுத்து 3 கம்பங்கள். கிடங்குக்குத் திரும்பித்தான் மறுபக்கம் போக முடியும். எந்தப் பக்கம் முதலில் போனாலும் மொத்த ஓட்டம் 10 மணி நேரம்தான். எண்ணெய்ச் செலவும் ஒன்றே. வியாபாரிக்கு இரண்டும் சமம்.

காத்திருப்பவர்களுக்கு? கிழக்கே முதலில் போனால் அந்தக் கம்பம் 2 மணி நேரமும் மற்ற மூன்றும் தலா 7 மணி நேரமும் காத்திருக்கும், கூட்டினால் 23. மேற்கே முதலில் போனால் மூன்றும் தலா 3, கிழக்கே 8, கூட்டினால் 17. அப்போ மேற்குதான் சரியா? அவசரப்படாதீங்க. கடைசி ஆளுக்கு 7 மணி நேரம் 8 ஆகிவிட்டதே!

இதை வகுப்பில் கொடுத்தபோது ஒரு மாணவி, "கிழக்கே இன்சுலின் போடற பாட்டி ஒருத்தர் இருந்தா சார்?" என்றாள். ஆய்வாளர்களும் இதையேதான் கேட்டார்கள். அமெரிக்காவின் ஹோசே ஓல்கின்-வேராஸ் குழுவினர் 2013இல் எழுதிய கட்டுரையில், காத்திருப்பவரின் துன்பத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றார்கள். அந்தத் துன்பம் சீராக ஏறாது. நேரம் ஆக ஆக வேகமாக ஏறும்.

இது எங்கோ நடக்கும் விஷயமல்ல. 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானும் மற்ற மாநிலங்களுமாக 2 லட்சம் பேருக்கு மேல் வீட்டை விட்டு வெளியேறினார்கள். சாலைகள் மூழ்கின, பொருள் இருந்தும் கொண்டுபோக வழியில்லை. ஐ.நா.வின் நிவாரணக் கிடங்குகளில் ஒன்று நம் சுபாங்கில்தான் இருக்கிறது. எந்தப் பொருளை எந்த ஊரில் முன்கூட்டியே வைப்பது என்பதே ஒரு முனைவர் பட்டத்துக்குப் போதுமான கேள்வி.

பாதை? எஸ்.பி.எம்.மில் கூடுதல் கணிதம் வேண்டும். பிறகு புள்ளியியல், தொழிலகப் பொறியியல், கணினி அறிவியல் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம்; அதன்பின் முதுகலை, முனைவர் பட்டம், விரிவுரையாளர் பணி. ஷா ஆலமில் எம்.ஐ.டி.யோடு இணைந்து ஒரு விநியோகச் சங்கிலிக் கல்வி நிலையம் தொடங்கப்பட்டது. சம்பளம் உடனே கொட்டாது, அதையும் மாணவரிடம் மறைக்கவில்லை. கணினி முன் உட்கார்ந்தால் மட்டும் போதாது. கம்பத்துக்குப் போய் படகோட்டியிடமும் பேச வேண்டும், ஏனென்றால் வெள்ள நேரத்தில் பாதித் தகவல் எந்தக் கோப்பிலும் இருக்காது.

படிவம் 4 கணிதத்தில் வலையமைப்புப் பாடம் வரும்போது இந்த லோரிக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். தமிழ் வகுப்பில் விவாதத் தலைப்பாகவும் வைக்கலாம். விடையைக் கரும்பலகையில் எழுதிவிடாதீர்கள்; பிள்ளைகள் முதலில் கொஞ்சம் சண்டை போடட்டும்.