கல்லமேட்டில் பொடிந்துபோன எலும்பு

அரியலூர் மாவட்டத்தில் உள்ள கல்லமேட்டு மண்ணிலிருந்து ஒரு பேருருவ விலங்கின் எலும்புகள் கிடைத்தன. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம்! மிகப் பெரிய டைனோசார்களில் ஒன்றான அர்ஜென்டினோசாரஸுக்கே முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு ஒன்று ஏறத்தாழ 1.55 மீட்டர்தான். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் 1980-களில் இதை விவரித்து, புருஹத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊனுண்ணி என்று கருதப்பட்டது. பிறகு நீண்ட கழுத்துடைய தாவர உண்ணிகளான டைட்டனோசார்களின் வரிசைக்கு மாறியது.

இன்று அந்த எலும்புகளில் ஒன்றுகூட இல்லை. நொய்ந்த நிலையில் கிடைத்தவை, சுற்றிப் போட்ட பிளாஸ்டர் உறைக்குள்ளேயே உதிர்ந்து பொடியாகிவிட்டன. எஞ்சியவை அளவுக் குறிப்புகளும் கோட்டோவியங்களும்தான். அதனால் சந்தேகம் கிளம்பியது. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரமே கிடக்கிறதே, இதுவும் கல்லாகிப்போன மரமாக இருக்குமோ என்றார்கள். 2022-இல் பழைய களப் புகைப்படங்கள் வெளியானபோது, அவற்றில் இருப்பது எலும்புதான் என்று அவற்றை வெளியிட்டவர்கள் வாதிட்டார்கள். மறு ஆண்டே எடை 110 டன்னுக்கு மேல், நீலத் திமிங்கலத்துக்கு இணை என்று ஒரு மதிப்பீடு வந்தது. எலும்பே கையில் இல்லாதபோது டன் கணக்கை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன்.

எலும்பு போனாலும் அது கிடந்த அடுக்கு இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை பெரிய செல்வம் அதுதான். கல்லமேட்டு அடுக்குக்குக் கீழே இருப்பவை கடல் படிவுகள். சிப்பிகளும், சுருள் ஓடுடைய கடல் உயிரிகளான அம்மோனைட்டுகளும் நிறைந்த பாறைகள். கடல் பின்வாங்கிய பிறகு ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் களிமண்ணுமே கல்லமேட்டு அடுக்கு. டைனோசார் எலும்புகளோடு ஆமை எச்சங்களும் அதில் கிடைத்திருக்கின்றன. அதற்கும் மேலே நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல். கடல் திரும்பி வந்ததற்கான சான்று. அந்தக் கடலில் அம்மோனைட் இல்லை. அதன் உறவான நாட்டிலஸ் இருக்கிறது. டைனோசார்களின் காலமும் அதற்குள் முடிந்துவிட்டது. இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவில்தான் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு நடந்திருக்கிறது. மெக்சிகோவின் சிக்சுலுப்பில் விண்கல் விழுந்ததும் தக்காணத்தில் எரிமலைக் குழம்பு பெருகியதும் அந்தக் காலத்தில்தான். ஓர் உயிரினம் எப்போது இருந்தது, எப்போது மறைந்தது என்பதை எலும்பு தனியாகச் சொல்லாது. அது எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும்.

அந்த அடுக்குகள் இப்போது மழையில் கரைகின்றன, சிமென்ட் ஆலைகளுக்காகவும் வெட்டப்படுகின்றன. அரியலூர், பெரம்பலூர் பக்கத்து வாசகர்களே, ஓடையிலோ சுரங்கத்திலோ விசித்திரமான கல்லோ எலும்போ கண்ணில் பட்டால் பெயர்த்து எடுக்காதீர்கள். இருந்த இடத்திலேயே படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, புவியியல் ஆய்வுத் துறைக்கோ அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் ஆசிரியருக்கோ தெரிவியுங்கள்.