ரிவெர்ப் பெடல்: வாங்கும் முன் ஆம்ப்பின் முதுகைப் பாருங்கள்

ரிவெர்ப் பெடல் வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்தக் கம்பெனி நல்லது?" என்றுதான். அதற்கு முன் உங்கள் ஆம்ப்பைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். எஃபெக்ட்ஸ் லூப் என்ற தலைப்பில் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு ஜாக்குகள் இருக்கின்றனவா? சில ஆம்ப்களில் இவை முன்பக்கமும் இருக்கும். பெடலை எங்கே செருகுகிறீர்கள் என்பது, எந்தப் பெடல் என்பதைவிட ஒலியை அதிகம் மாற்றும்.

காரணம் எளிது. ஆம்ப்புக்குள் இரண்டு கட்டங்கள் உண்டு. கிட்டாரின் பலவீனமான சிக்னலைத் தூக்கிவிட்டு, அதற்கு நிறம் கொடுத்து, தேவையானால் டிஸ்டார்ஷனும் சேர்ப்பது ப்ரீஆம்ப். அதற்குப் பிறகு ஸ்பீக்கரை ஓட்டுவது பவர் ஆம்ப். லூப் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. டிஸ்டார்ஷன் வரும் அளவுக்குக் கெயினை ஏற்றிவிட்டு, ரிவெர்ப் பெடலை ஆம்ப்பின் முன் இன்புட்டில் கொடுத்தால், வாசித்த சுரத்தோடு அதன் எதிரொலியும் டிஸ்டார்ஷனுக்குள் போகும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு மிக்ஸியில் அரைத்த மாதிரி, எது சுரம் எது எதிரொலி என்றே தெரியாது. அதே பெடலை லூப்பில் வைத்தால், டிஸ்டார்ஷன் ஆன ஒலிதான் எதிரொலிக்கும். நிஜ அறையிலும் அப்படித்தான் நடக்கிறது.

அதற்காக முன்னால் செருகுவதே தப்பு என்று நினைக்க வேண்டாம். ஃபெண்டர் 1961-இல் தனிப் பெட்டியாக ஒரு ஸ்பிரிங் ரிவெர்ப் வெளியிட்டது. கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைப்பதற்காகச் செய்தது அது. கலிஃபோர்னியாவின் சர்ஃப் இசையில் கேட்கும் ஈரமான ஒலியில் அந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு. ஆம்ப் டிஸ்டார்ஷன் இல்லாமல் கிளீனாக இருக்கும்வரை எந்தச் சிக்கலும் இல்லை.

ஃபெண்டரின் ஃப்ரண்ட்மேன் 10ஜி போன்ற சின்னப் பயிற்சி ஆம்ப்களில் லூப் கிடையாது. அவற்றை கிளீன் சேனலிலேயே வைத்து, டிஸ்டார்ஷனைப் பெடலிலிருந்து எடுங்கள். கிட்டார், டிஸ்டார்ஷன் பெடல், டிலே இருந்தால் டிலே, கடைசியில் ரிவெர்ப், பிறகு ஆம்ப்: இந்த வரிசை போதும். அதே கம்பெனியின் ப்ளூஸ் ஜூனியர் ஆம்ப்பிலும் லூப் இல்லை, ஆனால் உள்ளேயே ஸ்பிரிங் ரிவெர்ப் இருக்கிறது. அது பிடித்திருந்தால் பெடலுக்குச் செலவு செய்வானேன்?

இனி தேர்வு. ஸ்பிரிங் ரிவெர்ப்பில் சிக்னல் ஒரு முனையில் கம்பிச் சுருளை அதிர வைக்கிறது, மறுமுனை அந்த அதிர்வைப் பிடித்துத் தருகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஆம்ப்பை உதைத்தால் இடி விழுந்ததுபோல் சத்தம் வருவது அதனால்தான். பிளேட் என்பது ஸ்டுடியோச் சரக்கு: 1957-இல் ஜெர்மனியின் இ.எம்.டி. கொண்டுவந்த 140 மாடலில், தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகடுதான் எதிரொலித்தது. ரூம், ஹால் இரண்டும் இடங்களின் நகல். இன்றைய பெடல்களில் பெரும்பாலானவை இவை எல்லாவற்றையும் டிஜிட்டலில் போலி செய்கின்றன. முதல் பெடலுக்கு ஸ்பிரிங், பிளேட், ஹால் மூன்றும் நன்றாக இருந்தால் போதும் என்பேன். எதிரொலியின் சுருதியை மேலே ஏற்றித் தரும் ஷிம்மர் என்று ஒன்று வரும். கடையில் மயக்கும், பாட்டில் இடம் கிடைப்பது அபூர்வம். பெடலை அணைத்தால் எதிரொலி சட்டென்று அறுபடாமல் தானாகத் தேயும் வசதி, டெயில்ஸ் அல்லது ட்ரெயில்ஸ் என்பார்கள், இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரே ஒரு ஆம்ப் வைத்திருப்பவருக்கு ஸ்டீரியோ தேவையில்லை.

கரன்ட் விஷயத்தில் கவனம் வேண்டும். பெரும்பாலான பெடல்கள் கேட்பது 9 வோல்ட் டிசி, நடுமுனை நெகட்டிவ். வீட்டில் கிடக்கும் ரவுட்டர் அடாப்டர்கள் பல 12 வோல்ட், நடுமுனை பாசிட்டிவ். முனை பொருந்துகிறதே என்று செருகினால் பெடல் போய்விடலாம். டிஜிட்டல் ரிவெர்ப் மின்சாரமும் அதிகம் தின்னும். ஸ்ட்ரைமன் கம்பெனியின் பிக்ஸ்கை ரிவெர்ப் பெடல் 300 மில்லிஆம்பியர் கேட்கிறது. டிஸ்டார்ஷன் பெடலோடு ஒரே அடாப்டரில் கோத்தால் 'கீ' என்ற இரைச்சல் வரக்கூடும். தனித்தனி அவுட்புட் உள்ள பவர் சப்ளை இருந்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழியும்.

இணைக்கும்போது ஆம்ப்பை அணைத்துவிடுங்கள். சென்ட்டிலிருந்து பெடலின் இன்புட்டுக்கு ஒரு கேபிள், பெடலின் மோனோ அவுட்புட்டிலிருந்து ரிட்டர்னுக்கு இன்னொன்று. பின்பக்கம் ஸ்பீக்கர் அவுட் ஜாக்கும் பக்கத்திலேயே இருக்கும், பார்க்கவும் ஒரே மாதிரிதான். பெடலை அதில் செருகினால் பெடல் கருகலாம். டியூப் ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடி அதன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் பழுதாகலாம். லூப்பில் பெடல் கரகரத்தால் சிக்னல் அளவு அதிகம் என்று பொருள். லூப் லெவல் சுவிட்ச் இருந்தால் குறைத்துப் பாருங்கள். லூப் பேரலல் வகை, அதாவது மூல ஒலி பெடலுக்குள் போகாமல் தனியாகவும் செல்லும் வகை, என்றால் பெடலின் மிக்ஸ் குமிழை முழுதாக ஏற்றிவிட்டு, அளவை ஆம்ப்பில் வையுங்கள். முழு ஒலியும் பெடல் வழியே போகும் சீரியல் வகை என்றால் மிக்ஸைக் கால்வாசியில் தொடங்கலாம்.

எதிரொலி நீடிக்கும் நேரத்தை மாற்றும் டிகே குமிழை, அடுத்த கார்டு விழுவதற்குள் முந்தைய எதிரொலி தேய்ந்துவிடும் அளவில் நிறுத்துங்கள். படுக்கையறையில் தனியாக வாசிக்கும்போது அழகாகத் தெரிந்த அளவு, டிரம்ஸும் பேஸும் சேர்ந்ததும் குழம்பிப்போகும். கல்யாண மண்டபக் கச்சேரி என்றால், டைல்ஸ் தரையும் வெறும் சுவரும் வேண்டிய ரிவெர்ப்பை ஏற்கெனவே கொடுத்துவிடும். அங்கே பெடலை ஆஃப் செய்துவிட்டே வாசிக்கலாம்.