கீபோர்டு கட்டை பேச மாட்டேங்குதா?



ஆண்டு விழா, சர்ச் பாட்டு, கல்யாணக் கச்சேரி எதுவானாலும் இப்போ கீபோர்டு இல்லாம நடக்கிறது அபூர்வம். ஆனா நம்ம டி. கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் பூமி. கோடையில காத்து அடிச்சா வீட்டுக்குள்ள வரைக்கும் புழுதிதான். அது கீபோர்டையும் விடுறதில்லை. ஒரு கட்டை சத்தம் போடலைன்னா, "போர்டு போச்சு" என்று மூலையில் போட்டுவிடுகிறோம். பல நேரம் போர்டு போயிருக்காது. உள்ளே படிந்த தூசிதான் காரணம்!

கட்டைக்கு அடியில் என்ன இருக்கு?

ஆர்மோனியத்தில் காற்று ரீடைத் தாண்டும்போது சத்தம் வரும். கீபோர்டில் காற்றுக்கு வேலை இல்லை. டிவி ரிமோட்டில் இருப்பது போல ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் ரப்பர் பட்டன் இருக்கும். அழுத்தத்துக்கு ஏற்ப சத்தம் மாறும் கீபோர்டு என்றால், அந்த ரப்பரில் 2 கறுப்புக் கார்பன் பொட்டு. ஒன்று முதலில் சர்க்யூட் போர்டைத் தொடும், மற்றது கொஞ்சம் பிந்தித் தொடும். இடையில் ஆகும் நேரத்தைச் சிப் கணக்குப் போடும். நேரம் குறைந்தால் "வேகமா அடிச்சிருக்காங்க" என்று சத்தத்தைக் கூட்டும். 1983-ல் வந்த மிடி முறையில் இந்த வேகத்துக்கு 1 முதல் 127 வரை மார்க் உண்டு.

நோயைக் கண்டுபிடிப்போம்

1. ஒரு கட்டை மட்டும் ஊமை: பொட்டில் தூசி. தொட வேண்டிய இடத்தைத் தொடவில்லை.

2. ஒரு கட்டை மட்டும் அலறுது: முதல் பொட்டு தூசியால் தாமதமாகத் தொடுகிறது. இடைவெளி குறைவதால் சிப் ஏமாந்து போகிறது. பாவம், வாசிக்கிறவருக்குத் திட்டு விழும்! "ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்" என்பார்கள். இங்கே மேடை நிஜமாவே கோணல்.

3. எல்லாக் கட்டையும் ஒரே அளவு சத்தம்: பழுது இல்லாமலும் இருக்கலாம். "டச்" செட்டிங் ஆஃப் ஆகியிருக்கா என்று பாருங்கள்.

4. அமுக்கின கட்டை மேலே வரலை: குண்டூசி, காசு விழுந்திருக்கலாம், டீ சிந்திப் பிசுபிசுக்கலாம், ஸ்பிரிங் கழன்றிருக்கலாம்.

5. "டக் டக்" சத்தம்: கட்டை வந்து இடிக்கும் இடத்தில் உள்ள கம்பளிப் பட்டை தேய்ந்திருக்கும்.

6. ஒரே இடைவெளியில் தள்ளித் தள்ளிப் பல கட்டைகள் ஊமை: இது தூசி இல்லை. ஒயரோ டயோடோ போயிருக்கலாம். மெக்கானிக்கிடம்தான் போகணும்.

வைத்தியம்

முதலில் அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். சரியாகவில்லை, வாரண்டியும் முடிந்துவிட்டது என்றால் விவரம் தெரிந்த பெரியவரை வைத்துக்கொண்டுதான் திறக்கணும். அடாப்டரையும் பேட்டரியையும் கழற்றியாச்சா? எந்த ஸ்குரூ எங்கே இருந்தது என்று காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள். நீளம் மாறினால் போர்டு உடையும். ரப்பர் பட்டையை மெதுவாக எடுத்து, எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, பொட்டையும் போர்டையும் லேசாகத் துடைக்கணும். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டணும். பக்கத்தில் தீ கூடாது. தேங்காய் எண்ணெய், பெட்ரோல், உப்புத்தாள் மூன்றும் வேண்டவே வேண்டாம்! உப்புத்தாள் தேய்த்தால் கார்பனே போய்விடும்.

ஏ.ஆர். ரகுமானின் அப்பா ஆர்.கே. சேகர் 1976-ல் காலமானபோது, அவர் விட்டுப் போன இசைக்கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் பிழைத்தது. ஒழுங்காக வேலை செய்யும் ஒரு கருவி ஒரு வீட்டுக்கே சோறு போடும். நம்ம ஊர்ப்பக்கம் கச்சேரிக்குப் போகிற அண்ணன்மாருக்கும் அப்படித்தான். ஒரு கட்டை ஊமையானால் அடுத்த கச்சேரிக்குக் கூப்பிட யோசிப்பார்கள்.

ஆகவே நண்பர்களே, வாசித்து முடித்ததும் ஒரு பழைய வேட்டித் துணியால் மூடி வையுங்கள். கீபோர்டு மேலே டீ கிளாஸ் வைக்காதீர்கள். மூலையில் கிடக்கும் கீபோர்டைத் தூக்கி எறியும் முன், அது ஊமையா, அலறுதா என்று ஒருமுறை காது கொடுத்துக் கேளுங்கள்!