கதிரொளியில் இயங்கும் கலம்

நுழையும்முன்

காற்றை நம்பிப் பாய் விரித்த மனிதன், பின்னர் நிலக்கரியையும் டீசலையும் கொண்டு கலம் செலுத்தினான். இன்று கதிரொளியைக் கொண்டே நீரில் உலா வரும் காலம் கனிந்துள்ளது. எடை குறைந்த சூரியப் படகு எவ்வாறு வடிவமைக்கப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் எந்திரமும்

கேரளத்தின் வேம்பநாட்டு ஏரி 2002ஆம் ஆண்டு ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பெற்றது. அதன் அழகைக் காண வருவோரை டீசல் படகுகள் ஏற்றிச் செல்கின்றன. அவற்றிலிருந்து கசியும் எண்ணெய் நீரின்மேல் படலமாகப் படர்கிறது. இரைச்சல் பறவைகளை விரட்டுகிறது. இயற்கையைக் காணச் செல்லும் பயணமே இயற்கைக்கு ஊறு விளைவிக்கிறது.

இந்நிலையில் 2017 சனவரியில் வைக்கத்திற்கும் தவணக்கடவிற்கும் இடையே 'ஆதித்யா' என்னும் படகு ஓடத் தொடங்கியது. இதுவே இந்தியாவின் முதல் சூரிய ஆற்றல் பயணிகள் படகாகும். 20 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் கொண்ட இது 75 பேரை ஏற்றிச் செல்லும். இதன் கூரையில் 20 கிலோவாட் திறனுடைய சூரியத் தகடுகள் பொருத்தப்பட்டுள்ளன. ஆதித்யாவிற்கு அடிப்படையான அறிவியல் நெறிகள் சிறிய உலாப்படகிற்கும் பொருந்தும்.

வெயிலின் வரவு

டீசல் படகிற்கு எரிபொருள் தீர்ந்தால் மீண்டும் நிரப்பிக்கொள்ளலாம். சூரியப் படகிற்கு ஒரு நாள் வெயிலே அந்நாளின் வருவாய். ஆகவே, அதன் வடிவமைப்பு வரவுக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது.

ஆறு பேர் செல்லும் 8 மீட்டர் நீளப் படகொன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அதன் கூரையில் 12 சதுர மீட்டர் தகடுகள் அமைகின்றன. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றல் விழுகிறது. அதில் ஐந்தில் ஒரு பங்கையே தகடு மின்சாரமாக மாற்றும். எனவே, கூரையின் உச்சத் திறன் 2.4 கிலோவாட். தெளிந்த வானமுள்ள ஒரு நாளின் ஒளியை ஐந்து மணிநேர உச்சி வெயிலுக்கு இணையாகக் கொண்டால் 12 யூனிட் மின்சாரம் கிடைக்கும். இழப்புகள் போக 9 யூனிட் எஞ்சும். டீசல் எந்திரம் ஏறத்தாழ மூன்று லிட்டர் எண்ணெயில் செய்யும் வேலைக்கே இது போதுமானது.

வேகத்தின் விலை

இச்சிறு வருவாயை மிக விரைவில் கரைப்பது வேகம். படகின் வேகம் இரு மடங்கானால் தேவைப்படும் திறன் தோராயமாக எட்டு மடங்காகும். மணிக்கு 9 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல 2 கிலோவாட் போதுமெனில், 9 யூனிட் மின்சாரத்தில் 40 கிலோமீட்டர் உலா வரலாம். வேகத்தை 18 கிலோமீட்டராக உயர்த்தினால் 16 கிலோவாட் தேவைப்படும். அதே மின்சாரம் 10 கிலோமீட்டரிலேயே தீர்ந்துவிடும். கரையின் காட்சிகளைக் கண்டு களிக்கும் உலாவிற்கு நிதானமான வேகமே ஏற்றது என்பதால், சூரியப் படகு இப்பணிக்கு இயல்பாகவே பொருந்துகிறது.

எடை என்னும் சுழல்

மிதக்கும் பொருள் தன் எடைக்கு நிகரான நீரை விலக்குகிறது என்பது ஆர்க்கிமிடீசின் விதி. படகில் ஒரு கிலோ கூடினால் மேலும் ஒரு லிட்டர் நன்னீர் விலக்கப்பட வேண்டும். படகு தாழ்ந்து அமிழ, நீரின் தடையும் மிகும். அத்தடையை வெல்லப் பெரிய மோட்டாரும் கூடுதல் மின்கலங்களும் தேவைப்படும். அவை மீண்டும் எடையைக் கூட்டும். இச்சுழலில் சிக்காதிருக்கவே மரத்திற்கும் இரும்பிற்கும் மாற்றாகக் கண்ணாடி இழையும் அலுமினியமும் பயன்படுத்தப்படுகின்றன. 10 யூனிட் மின்சாரத்தைச் சேமிக்க ஈய அமில மின்கலங்கள் ஏறத்தாழ 300 கிலோ எடையில் தேவைப்படும். லித்தியம் மின்கலங்களுக்கு 80 கிலோ அளவே போதும்.

உந்துவிசைத் தேர்விலும் சிக்கனம் உண்டு. விரைந்து சுழலும் சிறிய சுழல்விசிறியைவிட, மெதுவாகச் சுழலும் பெரிய விசிறி குறைந்த மின்சாரத்தில் படகை நகர்த்தும்.

கவிழாத கலம்

எடையைக் குறைக்கும் முயற்சி உயிர்க்காப்பிற்கு ஊறாகிவிடக் கூடாது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடி ஏரியில் ஈரடுக்குச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டனர் என்பது அப்போது வெளிவந்த செய்தி. உலாப்படகில் இத்தகைய நகர்வு எந்நேரமும் நிகழக்கூடும். கூரைமேல் உள்ள தகடுகள் ஈர்ப்பு மையத்தை உயர்த்துவதால், சூரியப் படகிற்குக் கூடுதல் கவனம் தேவை.

ஒடுங்கிய இரு உடல்களை இடைவெளி விட்டு இணைக்கும் அமைப்பு இதற்குத் தீர்வாகிறது. ஒடுக்கம் நீரின் தடையைக் குறைக்கிறது. அகன்ற இடைவெளி சாயாமல் தாங்குகிறது. மேல்தளம் தகடுகளுக்கு இடமளிக்கிறது. ஆதித்யாவும் இவ்வகைப் படகே. கனமான மின்கலங்கள் உடல்களின் அடிப்பகுதியில் வைக்கப்படுகின்றன. நீர் புகாத தனித்தனி அறைகளும், ஒவ்வொருவருக்கும் உயிர்காப்புச் சட்டையும் எடைக் கணக்கில் முதலிலேயே சேர்க்கப்பட வேண்டியவை.

தெரிந்து தெளிவோம்

இரட்டை உடல் படகை ஆங்கிலத்தில் 'கேட்டமரான்' என்பர். இச்சொல் 'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல்லிலிருந்து பிறந்தது. மின்சாரப் படகும் பழமையானதே. பிரான்சின் குஸ்தாவ் துரூவே 1881ஆம் ஆண்டிலேயே சேன் ஆற்றில் மின்படகை ஓட்டிக் காட்டினார்.

எல்லையும் பயனும்

மழைக்காலத்தில் வரவு குறையும். மரநிழல் ஒரு தகட்டின்மேல் விழுந்தாலும் அதனுடன் தொடராக இணைந்த தகடுகளின் மின்னாக்கம் குன்றும். அத்தகைய நாள்களில் கரையிலுள்ள மின்னிணைப்பிலிருந்து மின்னேற்றம் செய்ய நேரும். எனினும், வெயிலின் அளவறிந்து எடையையும் வேகத்தையும் அமைத்துக்கொண்ட படகு, ஆண்டின் பெரும்பாலான நாள்களில் எண்ணெயின்றியே உலா வரும். அது கடந்து சென்ற பின்னும் நீரில் எண்ணெய்ப் படலம் இராது. கரையோரப் பறவையும் தன் இடத்தைவிட்டு அஞ்சி எழாது.