செல்ஃப் எடுக்காத டிராக்டர்

டீசல் டிராக்டரில் சாவி எதையும் பற்ற வைப்பதில்லை. பெட்ரோல் பைக் ஓட்டிப் பழகியவர்களுக்கு இது விநோதமாகப் படும். சிலிண்டருக்குள் காற்றைப் பதினாறு, பதினெட்டு மடங்கு நெருக்கினால் அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பிடித்துக்கொள்ளும், தீப்பொறி வேண்டாம். பழைய வண்டிகளில் இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாலும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்த வேண்டுமென்றால் ஸ்டாப் கேபிளை இழுத்து டீசலை அடைக்க வேண்டும்.

அப்படியானால் அந்தச் சாவி சுவிட்சுக்கு என்னதான் வேலை? முக்கியமாக ஒன்றே ஒன்று: செல்ஃப் மோட்டாரை எழுப்புவது. மற்றபடி மீட்டர், சார்ஜ் விளக்கு, சில வண்டிகளில் ஹீட்டர் பிளக். சாவியைத் திருகியே ஸ்டார்ட் செய்யும் வழக்கத்தைக் கார்களில் கொண்டுவந்தது அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனம், 1949-இல். அதுவரை சாவி ஒரு பக்கம், ஸ்டார்ட்டர் பித்தான் இன்னொரு பக்கம்.

திருச்சி மன்னார்புரம் பக்கம் ஓர் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையில், பல வருடம் உழைத்த ஒரு மினி டிராக்டரின் சுவிட்சை மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தது. அந்தநல்லூர்ப் பக்கத்து வாழைத்தோட்டத்து வண்டி. வாழை வரிசைகளுக்கு நடுவே புகுந்து வரும் இருபது குதிரைத்திறனுக்குள்ளான இந்தச் சிறுசுகள்தான் நம் ஊரின் தோட்ட டிராக்டர்கள். சாவியைத் திருகினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி புதிது. உரிமையாளர் சுவிட்சைக் கையோடு வாங்கியே வந்துவிட்டார். மெக்கானிக் அதைத் தொடவில்லை. “சுவிட்சுதான் போச்சுன்னு யாருண்ணே சொன்னா? மொதல்ல அளந்து பாத்துருவோம்.”

இந்த அளவையில்தான் விஷயமே இருக்கிறது. செல்ஃப் மோட்டார் சுற்றும்போது நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும். அவ்வளவு மின்சாரம் சாவி சுவிட்ச் வழியே போனால் சுவிட்ச் உருகிவிடும். அதனால் மோட்டாரின் முதுகில் சாலினாய்டு என்றொரு காந்தச் சுவிட்ச் உட்கார்ந்திருக்கிறது. சாவி அதை மட்டும் தட்டி எழுப்பும், பெரிய மின்சாரத்தை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் சாலினாய்டுக்கும் பசி உண்டு, இழுக்கும் நொடியில் அதற்கு இருபது, முப்பது ஆம்பியர்கூடத் தேவைப்படலாம். வழியில் வெறும் 0.1 ஓம் தடை இருந்து 25 ஆம்பியர் ஓடினால், 2.5 வோல்ட் அங்கேயே தொலையும். கூடவே அறுபது வாட்டுக்கு மேல் சூடு, அதுவும் நகக்கண் அளவு இடத்தில். மீதி கிடைக்கும் வோல்ட்டேஜில் சாலினாய்டு அரைகுறையாகத் துடிக்கும், முழுக்க இழுக்காது.

மெக்கானிக் மல்டிமீட்டரின் ஒரு முனையை சுவிட்சுக்கு மின்சாரம் வரும் முனையிலும், மற்றதை ஸ்டார்ட் முனையிலும் வைத்தார். உரிமையாளர் சாவியைத் திருகினார். சுவிட்ச் நன்றாக இருந்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்க வேண்டிய எண், இரண்டைத் தாண்டி நின்றது. குற்றவாளி சுவிட்சேதான். இந்த ஒரு நிமிட வேலையைச் செய்யாமல் சுவிட்ச், பேட்டரி, செல்ஃப் என்று வரிசையாக மாற்றிக் காசைக் கரைப்பவர்கள் ஏராளம். பல நேரங்களில் பழி பச்சைப் பாசி பிடித்த ஓர் எர்த் வயர் மேல்தான் இருக்கும்.

கழற்றிய சுவிட்சைப் பிரித்தபோது உள்ளே ஒரு பித்தளைத் தட்டு, அடியில் ஸ்பிரிங். ஸ்டார்ட் முனையைத் தொடும் இடத்தில் மட்டும் தட்டு கருத்து, அம்மை போட்ட மாதிரி குழிகுழியாக இருந்தது. சுற்றியிருந்த கிரீஸ் தூசியோடு சேர்ந்து தாராகிவிட்டது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுத் திரும்புவதால் சுவிட்சை அணைக்கும்போது எழும் பொறி சட்டென்று சாகும். பேட்டரி மின்சாரத்துக்கு அந்த ஓய்வு கிடையாது. சாலினாய்டின் சுருள் வேறு, மின்சாரத்தை நிறுத்தும் கணத்தில் எதிர்த்து உதைக்கும். சாவியை விடும் ஒவ்வொரு முறையும் உள்ளே ஒரு குட்டி வெல்டிங். வருடக்கணக்கில் நடந்தால் பித்தளை என்ன செய்யும்?

மாற்றுவது பெரிய வித்தையில்லை. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும், கடைசியில்தான் மாட்ட வேண்டும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது நல்லது. வயரின் நிறத்தை நம்பக் கூடாது. பழைய வண்டியில் எத்தனை பேர் எந்த நிறத்தில் ஒட்டுப் போட்டார்களோ!

பார்க்க ஒன்றுபோல இருக்கும் சுவிட்சுகள் வேலையில் நேர் எதிராக இருக்கலாம் என்பதுதான் உண்மையான கண்ணி. வெளிநாடுகளில் புல் வெட்டும் தோட்ட டிராக்டர்களிலும், இங்கே களையெடுக்கும் பவர் வீடர்களிலும் உள்ள சிறு பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் மேக்னெட்டோதான். ஃபிளைவீல் காந்தம் சுற்றச் சுற்றத் தீப்பொறி தானே உண்டாகும், பேட்டரி தேவையில்லை. அங்கே சுவிட்ச் ‘ஆஃப்’ நிலையில்தான் இணைப்புக் கொடுக்கிறது: காயிலை எர்த்தோடு சேர்த்துப் பொறியைக் கொல்கிறது. ‘ஆன்’ என்றால் இணைப்பைத் துண்டிப்பது என்று பொருள். அந்த இடத்தில் பேட்டரி மின்சாரம் அனுப்பும் சாதாரண சுவிட்சை மாட்டினால் 12 வோல்ட் நேராகக் காயிலுக்குப் போய் அதைப் பொசுக்கிவிடக்கூடும்.

புது சுவிட்சோடு மெக்கானிக் ஒரு ரிலேவையும் சேர்த்தார். இனி சாவி சுவிட்ச் சுமக்கப்போவது ரிலேவின் சுருளுக்கான கால் ஆம்பியருக்கும் குறைவான மின்சாரம்தான். பழைய வண்டிக்கு இதைவிட மலிவான ஆயுள் காப்பீடு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

சுவிட்ச் மக்கர் செய்யும்போது கீழே நின்றபடி ஸ்க்ரூ டிரைவரால் செல்ஃப் முனைகளை ஷார்ட் செய்து கிளப்புவது நம் ஊரில் சர்வசாதாரணம். வண்டி கியரில் இருந்தால் பின்சக்கரம் முன்னால் நிற்பவர் மேலேயே ஏறிவிடும். உலகெங்கும் இப்படி ஆட்கள் இறந்திருக்கிறார்கள். 1946-இல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் தயாரான ஃபெர்குசன் டிஇ20 டிராக்டரில் ஹாரி ஃபெர்குசன் இதற்கு அழகான வழி வைத்திருந்தார். செல்ஃபை இயக்குவதே கியர் லீவர். அதை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் மோட்டார் சுற்றும், அங்கே இருக்கும்போது எந்தக் கியரும் விழுந்திருக்க முடியாது. இன்று அதே காவல் வேலையைப் பல வண்டிகளில் கிளட்சுக்கு அடியில் உள்ள ஒரு சின்ன சுவிட்ச் செய்கிறது.

மெக்கானிக் கடைசியாகச் சோதித்தது அதைத்தான். கியரை நியூட்ரலில் வைத்து, கிளட்சை மிதிக்காமல் சாவியைத் திருகினார். சுற்றக் கூடாத செல்ஃப் ஜோராகச் சுற்றியது. கீழே குனிந்து பார்த்தால், எப்போதோ யாரோ அந்தச் சுவிட்சின் இரண்டு வயர்களையும் முறுக்கி டேப் சுற்றி விட்டிருந்தார்கள். “அது கெடக்கட்டும் தம்பி, இத்தன வருசமா அப்படித்தானே ஓடுது” என்றார் உரிமையாளர். “எங்கிட்ட வந்துட்டா மாட்டித்தாண்ணே அனுப்புவேன்” என்று சொல்லிக்கொண்டே மெக்கானிக் டேப்பை அறுத்தார். பில்லில் ஒரு சுவிட்ச் கூடிப்போனதற்கு உரிமையாளர் முணுமுணுத்துக்கொண்டுதான் பணம் கொடுத்தார்.