மரம் ஏறுபவர் நிலைத்து நிற்க...

காய் முற்றி நிற்கிறது. பறிக்க ஆள் இல்லை. சென்ற வெட்டுக்கு வந்தவர் இந்த வெட்டுக்கு வருவதில்லை. தென்னை வைத்திருக்கும் சிறு விவசாயிகள் பலருடைய கவலை இது.

அடிக்கடி ஆள் மாறினால் மரத்துக்கும் கேடு. பழக்கம் இல்லாதவர் காய் பறிக்கும் அவசரத்தில் பச்சை மட்டையை அடியோடு வெட்டிவிடுவார். அந்தக் காயத்தைத் தேடிச் சிவப்புக் கூன்வண்டு வந்து முட்டையிடும். பச்சை மட்டையை வெட்டவே கூடாது. வெட்டித்தான் ஆகவேண்டும் என்றால் மரத்திலிருந்து நான்கு அடி தள்ளி வெட்டவேண்டும்.

"பழக்கிவிட்டால் வேறு தோப்புக்குப் போய்விடுவாரே" என்று சிலர் தயங்குவதுண்டு. ஆனால் காய் பறிக்க மட்டும் தெரிந்தவருக்கும் ஒரே தோப்பை நம்பி இருக்கக் காரணம் ஏதும் இல்லை. ஏறிய மரத்திலேயே இன்னும் சில வேலைகள் செய்யத் தெரிந்தால் அவருக்கு வருமானம் கூடும். காய்ந்த மட்டை, பன்னாடை ஆகியவற்றை நீக்கிக் கொண்டையைச் சுத்தம் செய்யலாம். காண்டாமிருக வண்டைக் கொக்கிக் கம்பியால் குத்தி எடுக்கலாம். வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் உள்குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இடலாம். இவ்வேலைகளுக்குத் தனிக் கூலி கொடுப்பது அவசியம். கற்றதற்குக் கூலி கிடைக்காவிட்டால், கற்றவர்தான் முதலில் வெளியேறுவார்.

விழுந்துவிடுவோம் என்ற பயமும் பலரை இத்தொழிலிலிருந்து விரட்டுகிறது. 2011-ம் ஆண்டில் தென்னை வளர்ச்சி வாரியம் கேரளத்தில் தொடங்கிய "தென்னை மர நண்பர்கள்" திட்டத்தில் இதற்கும் வழி செய்யப்பட்டது. ஆறு நாள் பயிற்சியில் கருவி கொண்டு ஏறுவதும் பயிர்ப் பாதுகாப்பும் கற்றுத் தரப்பட்டன. மரம் ஏறும் கருவியும் விபத்துக் காப்பீடும் அளிக்கப்பட்டன.

பயிற்சியோடு தொடர்ந்து வேலையும் வேண்டும். ஒருவர் நாளுக்கு 40 மரம் ஏறுவதாகக் கொண்டால், 100 மரத் தோப்பு இரண்டரை நாள் வேலைதான். அடுத்த வெட்டுக்கு 45 நாள் ஆகும். அதுவரை அவர் என்ன செய்வார்? அக்கம்பக்கத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் ஆயிரம் மரம். 25 நாள் வேலை. பத்துப் பேரும் கூடி உள்ளூர் இளைஞர் ஒருவரைப் பயிற்சிக்கு அனுப்பி, காப்பீட்டுத் தொகையைப் பகிர்ந்து கட்டி, முறை வைத்து வேலை கொடுக்கலாம். பயிற்சி பற்றி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

தொழில் தெரிந்து, கூலியும் வேலையும் தவறாமல் கிடைத்தால், ஊரை விட்டுப் போக யாருக்கும் மனம் வராது.