பாசியா, சீவீடா? கல்லூரி ப்ராஜெக்ட்டுக்குக் கைபேசியில் சரியாகத் தேடுவது எப்படி?

பாம்பன், சின்னப்பாலம், மண்டபம் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாசியைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மாவும் அத்தையும் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, கடலில் முங்கிப் பாசி எடுப்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படி ஒரு வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் மாணவி ஒருவர், கடைசி ஆண்டு ப்ராஜெக்ட்டுக்குப் ‘பாசி எடுக்கும் பெண்கள்’ என்ற தலைப்பை எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

“கூகுள்ல போட்டா எல்லாம் வந்துடும்” என்று தோழிகள் சொல்வார்கள். வரும்தான். ஆனால் சமையல் குறிப்பும், விற்பனை விளம்பரமும், யார் எழுதியது என்றே தெரியாத பத்திகளும்தான் முதலில் வந்து நிற்கும். அவற்றை வைத்து எழுதினால், “இதுக்கு என்ன ஆதாரம்?” என்ற ஒரு கேள்வியில் கட்டுரை விழுந்துவிடும்.

இது மதிப்பெண் விஷயம் மட்டும் அல்ல. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-ல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அதன் பின்னர் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பதில் கட்டுப்பாடுகள் வந்தன. பாசி எடுப்பதால் கடலுக்குக் கேடு உண்டா, எவ்வளவு எடுக்கலாம், எந்த மாதம் விட்டுவிட வேண்டும் என்ற கேள்விகள் நம் வீட்டு வருமானத்தைத் தொடுபவை. இவற்றுக்கு விடை தேடி எழுதுபவர் சான்றோடு எழுத வேண்டும்.

முதலில் சொற்களைச் சேருங்கள்

கூகுள் நம் மனதை ஓரளவு ஊகிக்கும். நூலகத் தேடுபொறி ஊகிக்காது. பதிவில் எந்தச் சொல் இருக்கிறதோ, அதைத்தான் காட்டும். ஆகவே கைபேசியை எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள்.

நம் ஊரில் ‘மரிக்கொழுந்துப் பாசி’ என்பதை ஆய்வாளர்கள் ஜெலிடியெல்லா அசெரோசா என்று எழுதுவார்கள். கஞ்சிப்பாசி என்றால் கிராசிலேரியா எடுலிஸ். கட்டக்கோரை என்றால் சர்காசம். பொதுவாகச் சீவீட் என்றும், மரைன் ஆல்கே என்றும் இருவிதமாக எழுதுவார்கள். இரண்டையும் தேட வேண்டும். மூங்கில் மிதவையில் வளர்க்கும் கப்பாபைகஸ் பாசிக்கு 1988-க்கு முந்தைய கட்டுரைகளில் யூக்கீமா என்று பெயர். புதுப்பெயரை மட்டும் போட்டால் பழைய ஆய்வுகள் கண்ணில் படாது.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். பழைய ஆங்கில ஆவணங்களில் நம் மாவட்டம் ‘ராம்நாட்’. இந்தப் பெயர்களை எல்லாம் ஆங்கில எழுத்துக்கூட்டலோடு எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

கல்லூரி நூலகத்தில்

பல கல்லூரிகளில் நூற்பட்டியல் கணினியில் இருக்கிறது. அதை ‘ஓபாக்’ என்பார்கள். வெளியிலிருந்து கைபேசியில் திறக்க முடியுமா என்று நூலகரிடம் கேளுங்கள். தலைப்பில் மட்டும் தேடாமல், ‘பொருள்’ என்ற கட்டத்திலும் தேடுங்கள்.

புத்தகம் கிடைத்ததும் அதன் அழைப்பெண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போங்கள். டியூயி முறையில் அடுக்கும் நூலகம் என்றால் பாசியியல் 579.8-ல் இருக்கும், பழைய பதிப்புப்படி எண் போட்ட நூல்கள் 589.3-ல் கிடக்கும். மீன்பிடித் தொழில் 639. பெண்களின் உழைப்பு பற்றிய நூல்கள் 331.4. நம் மாணவியின் தலைப்புக்கு இந்த நான்கு இடமும் தேவை!

ஆய்விதழ்களுக்கு

இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ‘என்-லிஸ்ட்’ திட்டத்தில் உங்கள் கல்லூரி சேர்ந்திருந்தால், நூலகர் வழியாக உங்களுக்குப் பயனர் கணக்கும் கடவுச்சொல்லும் கிடைக்கும். வீட்டிலிருந்தே படிக்கலாம். 2025 ஜனவரி 1 முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டமும் நடைமுறையில் உள்ளது. அரசு உயர்கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்கு 30 பதிப்பகங்களின் சுமார் 13,000 ஆய்விதழ்களை இது திறந்துவிடுகிறது. உங்கள் கல்லூரிக்கு இது உண்டா என்பதையும் நூலகரிடமே கேளுங்கள்.

கடவுச்சொல் இல்லாமலே கிடைப்பவை

கல்லூரியில் படிக்காதவர்களும் இவற்றைப் பயன்படுத்தலாம்.

• சோத்கங்கா: இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இங்கே உள்ளன. ஆய்வேட்டின் கடைசியில் இருக்கும் துணைநூற்பட்டியலை முதலில் திறங்கள். ஒருவர் பல ஆண்டுகள் தேடிச் சேர்த்த பட்டியல் அது. அடுத்து எதைப் படிப்பது என்பதை அதுவே சொல்லும்.

• மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மின்களஞ்சியம்: 1947-ல் தொடங்கிய இந்த நிறுவனத்தின் தலைமையகம் முன்பு நம் மண்டபம் முகாமில்தான் இருந்தது. தலைமையகம் பிறகு கொச்சிக்குப் போனாலும் மண்டபம் மையம் இன்றும் இயங்குகிறது. 1987-ல் பாசி ஆராய்ச்சிக்கென்றே வெளியிட்ட 41-வது புல்லட்டின் உட்பட, நம் கடலில் அளந்து எழுதிய பல கட்டுரைகள் இக்களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

• தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம்: தமிழ் நூல்களுக்கும் பழைய இதழ்களுக்கும் இங்கே தேடுங்கள்.

தேடும்போது கவனிக்க

இரண்டு மூன்று சொற்கள் சேர்ந்தே வர வேண்டும் என்றால் அவற்றை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். ஆயிரக்கணக்கில் வந்தால் ‘மண்டபம்’ என்று ஊர்ப் பெயரையும் சேருங்கள். ஒன்றுமே வராவிட்டால் ஒரு சொல்லைக் குறையுங்கள், அல்லது தாளில் உள்ள அடுத்த பெயரைப் போடுங்கள். முழுக்கட்டுரையைத் தரவிறக்கும் முன் சுருக்கத்தைப் படியுங்கள். டேட்டாவும் மிச்சம், நேரமும் மிச்சம். ஆசிரியர், ஆண்டு, இதழ், பக்கம் ஆகியவற்றை அப்போதே குறித்துவிடுங்கள். “பிறகு பாத்துக்கலாம்” என்று விட்டால் கடைசி நாளில் தேடி அலைய வேண்டிவரும்.

இன்னொன்று. கட்டுரையை முடித்ததும் அதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். 1987-ல் இவ்வளவு பாசி இருந்ததாக எழுதியிருக்கிறார்கள் என்றால், “இப்ப எவ்வளவு இருக்கு?” என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைத் தேதியோடு எழுதி, அவர் சம்மதத்தோடு கட்டுரையில் சேருங்கள். தினமும் கடலில் முங்குபவர் சொல்லும் அந்த விடை எந்த நூற்பட்டியலிலும் இன்னும் ஏறியிருக்காது.